ஊருக்கு இணையதளம் இருக்கிறது, ஊர்க்காரர்கள் எங்கே?

கேட்டிருப்பது இது: கிராமத்துக்கென்று ஓர் இணையதளம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. தொடங்கிய வாரம் எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது மூன்று பேர் மட்டும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். “அனைவரும் எழுதலாம், படங்கள் அனுப்பலாம்” என்று முகப்பிலேயே போட்டும் ஒருவரும் வரவில்லை. ஊர்க்காரர்களை எப்படிப் பங்கெடுக்க வைப்பது?

எட்டு மாதம் கழித்தும் மூன்று பேர் விடாமல் எழுதுகிறீர்களே, அதற்கே முதலில் பாராட்ட வேண்டும். மனம் தளர வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. இணையத்தில் மக்கள் நடந்துகொள்ளும் விதத்தை நெடுங்காலம் ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயமான விதியை எழுதினார். இணையத்தில் எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் 100 பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது ஏதாவது சொல்வார்கள், ஒரே ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்பது அந்த விதி. உங்கள் ஊரில் பெரியவர்கள் 500 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து எழுத 5 பேர், அவ்வப்போது வர 45 பேர். அதாவது உங்களுக்கு வேண்டியது இன்னும் இரண்டு பேரும், அந்த 45 பேரும்தான். 500 பேரையும் எழுதவைக்கப் புறப்பட்டால் ஒரு மாதத்தில் சலித்துப்போவீர்கள். 45 பேரைத் தேடுவது முடிகிற காரியம். அவர்கள் பெயரை இன்றைக்கே ஒரு தாளில் எழுதிவிடலாம், ஏனென்றால் கிராமத்தில் உங்களுக்கு எல்லோரையும் தெரியும். பெரிய தளங்களை நடத்துகிறவர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

இப்போது அந்த முகப்பு வாசகத்துக்கு வருகிறேன். “அனைவரும் எழுதலாம்” என்று போட்டால் அது யாரையும் அழைத்ததாகாது. தெருமுனையில் நின்று “யாராவது வாங்க” என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், எதற்கு என்றும் சொல்ல வேண்டும். “கட்டுரை எழுதித் தாருங்கள்” என்று கேட்டால் தட்டாமல் தலையாட்டுவார்கள், பிறகு கண்ணிலேயே பட மாட்டார்கள். “பழைய கிணறு தூர்ந்தது எந்த வருஷம், உங்களுக்குத்தான் தெரியும்” என்று கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். அந்த ஒருவருக்கு மட்டுமே தெரிந்த சின்ன விஷயத்தை அவரிடமே கேட்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊர்க்காரர்கள் எழுதாமல் இருப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. பெரும்பாலும் பயம். எழுத்துப்பிழை வந்தால் படித்த பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற பயம் ஒன்று. ஊர் விஷயத்தைப் பேசினால் யாருக்காவது சுருக்கென்று படுமோ என்ற பயம் இன்னொன்று. பேசிய சொல் காற்றோடு போய்விடும், எழுதியது நிற்கும், நாளைக் காலையில் அதே தெருவில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும். நகரத்துக்காரருக்கு இல்லாத இந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். “நீ யார் இதைச் சொல்ல?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற எண்ணம் பெண்களிடமும் இளையவர்களிடமும் அதிகம். இவற்றுக்கு மேல் பயனர் பெயர், பாஸ்வேர்டு, சரிபார்ப்பு எண் என்று வாசலிலேயே மூன்று பூட்டு. இதையெல்லாம் தாண்டி ஒருவர் எழுதினால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

ஆகவே எழுதச் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லட்டும், எழுதுகிற வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பதிவு செய்து, வீட்டுக்குப் போய் எழுதி, மறுநாள் அவர் முன்னாலேயே படித்துக் காட்டி, “இப்படிப் போடலாமா, உங்கள் பெயரோடு போடலாமா?” என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு ஏற்றுங்கள். படித்துக் காட்டும்போது நிச்சயம் ஏதாவது திருத்துவார். “அப்படி இல்லப்பா, அது கார்காலம் இல்ல, கோடை” என்று சொன்ன அந்த நிமிஷத்திலேயே அவர் உங்கள் தளத்தில் பங்கெடுத்தாயிற்று. அவர் ஒருநாளும் லாகின் செய்யாமல் போனாலும் பரவாயில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு புகைப்படத்தால். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் தளத்துக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். பழைய பள்ளிக்கூடப் படம் ஒன்று கிடைத்தது. மூன்று வரிசையில் 27 பிள்ளைகள், நடுவில் நாற்காலியில் வாத்தியார். தளத்தில் ஏற்றி “பெயர் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்” என்று கீழே போட்டோம். இரண்டு மாதம் ஒரு பெயரும் வரவில்லை. பிறகு அதையே பெரிய தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போட்டு, கீழே 27 வெற்றுக் கோடுகள் விட்டு, ஒரு பென்சிலை நூலில் கட்டி, பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் மாட்டினோம். ஒரே வாரத்தில் 19 பெயர்கள் வந்துவிட்டன. 14-ஆம் எண்ணில் மட்டும் சண்டை. ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர், அதையும் அடித்து மூன்றாவது. பத்தாம் நாள் ஒரு வயதான அம்மா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். படத்தருகே முகத்தைக் கொண்டுபோய் 14-ஆம் எண் மேல் விரலை வைத்தார். “இது எங்க தங்கச்சி. ஒன்பது வயசுலயே போயிட்டா. அவ படம் எங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல” என்றார். அந்த மூன்று பெயருக்கும் கீழே பேத்தி அந்தப் பெயரை எழுதினாள்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய், சம்மதம் கேட்டு, அந்தத் தங்கையைப் பற்றி அவர் சொன்னதைப் பதிவு செய்தோம். நான்கு நிமிஷம்தான். குரலையே அப்படியே தளத்தில் போட்டோம். அந்த வாரத்திலிருந்து எங்களைத் தேடிக்கொண்டு படங்கள் வர ஆரம்பித்தன, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பெட்டிக்கடியிலிருந்து எடுத்து, சில ஓரம் கரையான் தின்றவை. வாங்கியவுடன் அவர்கள் கண் முன்னாலேயே போனில் படமெடுத்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். “நாளைக்குத் தருகிறோம்” என்று ஒரே ஒரு படத்தை எடுத்துப்போய்த் தொலைத்தாலும் அதோடு கதை முடிந்தது.

தளம் திரையிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கிராமமும் இணையமும் என்று பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய கிராம அறிவு மையங்கள்தான். வில்லியனூரில் தலைமை மையம், சுற்றியுள்ள ஊர்களில் கிளைகள், நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். கணினியை வைப்பதற்கு முன்பே, மக்கள் தகவலை யாரிடமிருந்து பெறுகிறார்கள், எது தெரியாமல் திண்டாடுகிறார்கள் என்று விசாரித்தார்கள். எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்துபோகும் இடத்தில்தான் மையம் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் என்பது முக்கியம். அந்த முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கேட்டவர்கள் கணினியைத் தொடவே இல்லை, ஆனாலும் அந்த மையம் அவர்களுடையதாகிவிட்டது. 2004 ஆழிப்பேரலையன்று, இதே போன்ற மையம் இருந்த நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரிக்க, ஊர் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். தினம் தினம் பயன்பட்ட ஒன்றுதான் ஆபத்து நாளிலும் கைக்கு வந்தது.

உங்களுக்கும் இதுதான். ஊர் வரலாறு ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கு வேண்டியது என்ன? பேருந்து நேரம் மாறியதா, மருத்துவ முகாம் எந்த நாள், தண்ணீர் எப்போது வரும், கிராமக் கூட்டத்தில் என்ன முடிவானது? இவற்றில் ஏதாவது ஒன்றை, ஒன்றே ஒன்றை, தவறாமல் சரியாகத் தாருங்கள். கூட்ட முடிவுகளை அன்றிரவே போடுவது எனக்குப் பிடித்த வழி, வராதவர்கள் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். அதே தகவலை ஒரு தாளிலும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், “முழு விவரம் தளத்தில்” என்று கீழே ஒரு வரி சேர்த்து. இரண்டைத் தொடங்கி இரண்டையும் கைவிடுவதைவிட ஒன்றைத் தொடர்வது மேல். போன வருஷம் முடிந்துபோன நிகழ்ச்சிக்கு “அனைவரும் வருக” என்று முகப்பில் இன்னும் அழைப்பு தொங்கினால், வந்தவர் மறுபடி வர மாட்டார்.

“இதற்குத்தான் வாட்ஸ்அப் குழு இருக்கிறதே” என்று கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். உடனடிச் செய்திக்குக் குழுதான் வசதி, அதோடு போட்டி போட வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் குழுவில் யாரோ போட்ட குழாய் பழுதுபார்ப்பவரின் விவரத்தை இன்று தேடிப் பாருங்கள், காலை வணக்கப் படங்களுக்கு அடியில் எங்கோ கிடக்கும். மறுபடி மறுபடி கேட்கப்படுவதும், பத்து வருஷம் கழித்துத் தேடப்படுவதும் தளத்தில் இருக்கட்டும். குழுவில் யாராவது கேட்டால் பதிலாகத் தளத்தின் இணைப்பைப் போடுங்கள். குழுவில் வந்த நல்ல பதிலை, எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பெயரோடு தளத்துக்குக் கொண்டுவாருங்கள். தன் பதில் ஒரு பக்கமாக நிற்பதைப் பார்த்தவர் அடுத்த தடவை இன்னும் கவனமாக எழுதுவார்.

“இதெல்லாம் வந்தால் மனிதர்கள் நேரில் பேசுவது நின்றுவிடும்” என்று பெரியவர்கள் சொன்னால், டொராண்டோ நகரின் புறநகர்க் குடியிருப்பு ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள். 1990-களின் இறுதியில் 109 வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பைக் கீத் ஹாம்ப்டனும் பாரி வெல்மனும் ஆராய்ந்தார்கள். ஆய்வில் அதற்கு வைத்த பெயர் நெட்வில். 64 வீடுகளுக்கு அதிவேக இணைப்பும், பகுதிக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுவும் கிடைத்தன, மற்ற வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. இணைப்புப் பெற்றவர்கள், பெறாதவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். வீடு கட்டிக் கொடுத்தவர்களோடு தகராறு வந்தபோது ஒன்றுதிரண்டு நின்றதும் அவர்கள்தான். திரையில் தொடங்கிய பழக்கம் அவர்களை வாசலுக்கு வரவைத்தது.

ஆனால் பேச இடம் கொடுத்தால் எல்லாம் தானாக நல்லபடி நடக்கும் என்று நினைத்தவர்கள் பட்ட பாடும் உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகராட்சி 1989-இல் குடிமக்களுக்கென்று ‘பென்’ என்ற கணினி வலையமைப்பைத் தொடங்கியது. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காக நூலகங்களிலும் கணினிகள் வைத்தார்கள். அதனால் வீடே இல்லாதவர்களும் உள்ளே வந்தார்கள். “வேலை தேடிப் போக வேண்டுமென்றால் முதலில் குளிக்க ஓர் இடம் வேண்டும், துணி துவைக்க வேண்டும், பையைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி வேண்டும்” என்பதுதான் அவர்கள் சொன்னது. வீட்டில் இருந்தவர்களுக்கு அதுவரை தோன்றாத விஷயம். அந்தப் பேச்சிலிருந்து ஒரு திட்டமே உருவானது, நகராட்சியும் கைகொடுத்தது. அதே இடத்தில்தான் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் ஓயாமல் வசைபாடத் தொடங்கி, பதில் சொல்லிக்கொண்டிருந்த நகரமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கேட்பவர் விலகிய பிறகு சொல்பவர் யாரிடம் சொல்வது?

ஆகவே விதிகளை முதல் நாளே எழுதிவிடுங்கள், நான்கைந்து வரி போதும். சொந்தப் பெயரில் மட்டும் எழுத வேண்டும். ஒருவர் மீது குற்றம் சொல்வதென்றால் இங்கே இல்லை, நேரில் அல்லது உரிய இடத்தில். தொலைபேசி எண், குழந்தைகளின் படம், யார் வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் உரியவர் சம்மதமில்லாமல் வரக்கூடாது. யார் கேட்டாலும் அவரைப் பற்றிய பதிவை மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய ‘பிரண்ட் போர்ச் ஃபோரம்’ அக்கம்பக்கத்தார் சேவை நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உண்மைப் பெயரோடு எழுத வேண்டும். வந்தவற்றையெல்லாம் திரட்டி நாளுக்கு ஒரு தடவை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். கோபத்தில் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் அதே நிமிஷம் பதில் சொல்ல வழியில்லை, ஓர் இரவு கழிந்தாக வேண்டும். 2011-இல் ஐரீன் புயல் வெள்ளம் வந்தபோது அந்த மாநிலத்தின் ஊர்கள் உதவி கேட்கவும் கொடுக்கவும் அதைப் பயன்படுத்தின. நீங்களும் மாலையில் ஒரு தடவை மட்டும் பதிவுகளை ஏற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வேலையும் குறையும்.

வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் முதலில் வருவார்கள், நிறைய எழுதுவார்கள். ஏக்கம் எழுதவைக்கும். வரவேற்க வேண்டியதுதான், ஆனால் ஒரு கண் வைத்திருங்கள். மெல்ல மெல்லத் தளம் முழுக்க “அந்தக் காலத்தில்” என்று தொடங்கும் பதிவுகளாகி, இன்று அங்கே வாழ்கிறவருக்குத் தன் ஊரே அதில் தெரியாமல் போய்விடும். இருவரையும் ஜோடி சேர்ப்பதே நல்ல வழி. ஊரில் இருப்பவர் குரலில் பேசி அனுப்பட்டும், வெளியூரில் இருப்பவர் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்யட்டும். தட்டச்சு தெரிந்தவருக்கு ஊரோடு ஒட்டிக்கொள்ள ஒரு வேலை கிடைக்கும், பேசத் தெரிந்தவருக்கு எழுத ஒரு கை கிடைக்கும்.

மாதம் ஒரு தடவை ஒரு சோதனை செய்யுங்கள். ஊரின் தெருக்களை வரிசையாக எழுதி, அந்த மாதம் தளத்தில் பெயர் வந்தவர்களை எதிரில் குறியுங்கள். எந்தத் தெரு வெறுமையாக இருக்கிறது? பெண்கள் எத்தனை பேர்? அந்த வெறுமை கண்ணில் பட்டபின் சும்மா இருக்கக் கூடாது. அடுத்த மாதம் முதலில் போக வேண்டிய வீடு அந்தத் தெருவில்தான். ஒரு சாராரின் தளம் என்று பெயர் விழுந்துவிட்டால் பிறகு துடைக்கவே முடியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை. இந்த மாதம் முதன்முறையாகப் பெயர் வந்தவர் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணுங்கள். இருவர் என்றாலும் நல்ல மாதம்தான்.

முதன்முறை ஏதாவது அனுப்பியவருக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும். “நன்றி, அருமை” போதாது. “நீங்கள் அனுப்பிய படத்தில் பின்னால் தெரியும் மரம் எது?” என்று கேளுங்கள், படித்திருக்கிறீர்கள் என்று அவருக்குப் புரியும். பிழை இருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிடுங்கள், ஊரறியச் சுட்டிக்காட்டினால் அவர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் ஒதுங்குவார்கள். ஆனால் அவர் பேச்சுவழக்கைத் திருத்திப் புத்தகத் தமிழாக்கிவிடாதீர்கள், அவர் குரல் போய்விடும். போட்டி, பரிசு என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பரிசு இருக்கும் மாதம் நாற்பது படம் வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. தோற்றவர்களின் மனக்குறைதான் மிச்சம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தளத்தின் இணைய முகவரிப் பதிவைப் புதுப்பிக்கும் நாள், பாஸ்வேர்டு, சேமிப்பிடத்தின் விவரம் மூன்றும் உங்கள் மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், மூவரில் ஒருவராவது எப்போதும் ஊரில் இருப்பவராக இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் பிரதியெடுத்து வெவ்வேறு இரண்டு வீடுகளில் வையுங்கள். நான் சொன்ன அந்தச் சிற்றூரில் எல்லாம் ஒரே ஒருவர் கையில் இருந்தது. அவர் வேலைக்காக வெளிநாடு போனார், புதுப்பிக்கும் தேதி கடந்துபோனது, பக்கங்கள் அத்தனையும் மறைந்தன. அந்த அம்மாவும் அதற்குள் காலமாகிவிட்டார். தங்கையைப் பற்றி அவர் பேசிய நான்கு நிமிஷத்தை அவருடைய பேத்தி தன் போனில் வாங்கி வைத்திருந்தாள். அங்கிருந்துதான் அதை மறுபடி ஏற்றினோம்.